முதற் புத்தகம் எது?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குத் திரும்பும் வழியில் ஆதனக்கோட்டையில் இறங்க நேர்ந்தது. முந்திரிக்குப் பெயர் பெற்ற ஊர் அது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. சாலையோரத்தில் இரும்புச் சட்டியில் கொட்டையைச் சுட்டு, ஓட்டை உடைத்துப் பருப்பெடுத்து விற்கும் பெண்களுள் ஒருவர் நமக்குப் பல்லாண்டுகளாக அறிமுகமானவர். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கருத்துப்போன விரல்களால் பொட்டலம் கட்டிக்கொண்டே அவர் நம்மிடம் வினவினார்:

"ஐயா, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே? பாப்பாவுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அதப் படிச்சதுலேருந்து படிப்பே வேண்டாங்குது. புத்தகம் கெட்டதா, இல்ல எம் பிள்ளைக்குத்தான் மூளை பத்தலையா? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பிள்ளைகளின் கல்வி குறித்து இப்பகுதியில் எத்தனையோ எழுதியிருக்கின்றோம். ஆயினும் இவ்வளவு நேரான வினாவை எவரும் நம்மிடம் கேட்டதில்லை. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, கணினிப் பயன்பாட்டு இளநிலை வகுப்பில் அவ்வாண்டுதான் சேர்ந்திருந்தாள். முதற்பருவத்திலேயே 'சி' என்னும் கணினி மொழி பாடமாக அமைந்தது. பள்ளியில் அவள் எடுத்த பாடப்பிரிவிலோ கணினி அறிவியல் இல்லை. எந்தப் புத்தகம் சிறந்தது என்று தெருவில் இருந்த மூத்த மாணவர் ஒருவரைக் கேட்க, அவர் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். அன்னை திருச்சிக்கே சென்று அதை வாங்கி வந்தார். மற்றப் புத்தகங்களெல்லாம் செங்கல் போல் பருத்திருக்க, இது மெல்லியதாயிருந்ததைக் கண்டு அவருக்கு மகிழ்ச்சியே. மெல்லிய புத்தகம் எளிய புத்தகமாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு மாதத்துக்குள் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். "எனக்கு இது வராதும்மா" என்று அழுதாள். தாய்மாமன் வந்து, பணத்தைக் கட்டி வீணாக்க வேண்டாம், வரன் பார்க்கலாம் என்றார். அடுத்த பருவத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்துவதா வேண்டாவா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையில்தான் நாம் அங்கே இறங்கினோம்.

புத்தகத்தைக் காட்டச் சொன்னோம். பிரையன் கெர்னிகன், டெனிஸ் ரிச்சி என்னும் இருவர் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' அது. 1978 இல் முதற்பதிப்பும் 1988 இல் இரண்டாம் பதிப்பும் கண்ட நூல். சி மொழியை உருவாக்கியவரே ரிச்சிதான். அம்மொழி பற்றி எழுந்த நூல்களுள் இதனினும் மதிக்கப்படுவது வேறொன்று இல்லை. எனவே மூத்த மாணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்நூல் நிரல் எழுதத் தொடங்குவோர்க்கான அரிச்சுவடி அன்று. மாறி என்பது யாது, ஒரு செயலை மீண்டும் மீண்டும் செய்விப்பது எவ்வாறு என்பன போன்ற அடிப்படைகளை முன்பே அறிந்தவர்க்காக எழுதப்பட்டது. இதனை நாம் சொல்லவில்லை. ஆசிரியர்களே தம் முன்னுரையில் நேர்மையாகச் சொல்லியிருக்கின்றனர். புதியவர் படித்தால் அருகே விவரம் அறிந்த ஒருவர் இருப்பது உதவும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. அந்த முன்னுரையை ஆதனக்கோட்டையில் எவர் படித்திருப்பார்!

நூலின் முதல் இயல் முப்பது பக்கம். வணக்கம் சொல்லும் சிறு நிரலில் தொடங்கி, பாரன்ஹீட் வெப்ப அளவைச் செல்சியசுக்கு மாற்றும் அட்டவணைக்குத் தாவி, எழுத்தெண்ணிக்கை, சொல்லெண்ணிக்கை, அணிகள், செயற்கூறுகள் எனக் கிட்டத்தட்ட மொழி முழுவதையும் அந்த முப்பது பக்கத்துக்குள் ஆசிரியர்கள் சுற்றிக் காட்டிவிடுகின்றனர். கார் ஓட்டத் தெரிந்தவர் புதிய காரில் ஏறி ஒருமுறை ஊரைச் சுற்றி வருவது போன்ற பயணம் அது. மிதிவண்டியே ஏறாதவர் அவ்வண்டியில் அமர்ந்தால் என்ன ஆகும்? புத்தகம் மெல்லியதாயிருந்ததற்குக் காரணம், சொல்லாமல் விட்டவை மிகுதி என்பதே. 'புத்தகமும் கெட்டதன்று, பிள்ளையும் மந்தமன்று. இரண்டும் சந்தித்த காலம் தவறு' என்று அன்னையிடம் கூறினோம். அவர் முகத்தில் பாதிதான் தெளிவு வந்தது. "அப்ப எந்தப் புத்தகம்னு சொல்லுங்க" என்றார். இரண்டு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தோம்.

கணினிக்கு நிரல் எழுதுவது என்றால் யாதென இங்கே ஒரு சொல் கூறுவது நலம். சமையற்கட்டில் புதிதாக நுழைந்த ஒருவருக்கு, அடுப்பைப் பற்றவைப்பது முதல் இறக்கிவைப்பது வரை ஒரு படியும் விடாமல் எழுதிக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவரோ ஊகிக்கவே தெரியாதவர். 'உப்புப் போடு' என்றால் எவ்வளவு என்று கேட்டு நிற்பார். அத்தகைய வேலையாளே கணினி. அவர்க்கு விளங்கும் குறியீட்டு மொழிகளுள் சி ஒன்று, பைத்தான் ஒன்று, ஜாவா மற்றொன்று. ஆகவே கற்பவர் ஒரே நேரத்தில் இரண்டைக் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் முதலாவது. அப்படிகளைக் குறித்த மொழியில் பிழையின்றி எழுதுவது இரண்டாவது. தொடக்க நூல் என்று அட்டையில் அச்சிட்ட நூல்களுள் பல இரண்டாவதை மட்டுமே கற்பிக்கின்றன. முதலாவது தானே வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கின்றன.

மொழி கற்க எழுதப்படும் நூல் கற்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிய நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்து ஆவூரில் பணியாற்றிய இயேசு சபைக் குரவர் வீரமாமுனிவரை எண்ணிப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் பயின்ற அவர், தமக்குப் பின் வரும் ஐரோப்பியக் குரவர்களுக்காக இலத்தீனில் இலக்கணம் வரைந்தபொழுது, ஒன்றன்று, இரண்டு வரைந்தார். ஒன்று மக்கள் நாவில் வழங்கும் கொடுந்தமிழுக்கு. மற்றொன்று புலவர் வழங்கும் செந்தமிழுக்கு. தமிழறிந்தார்க்கெனத் தமிழிலேயே இயற்றிய தொன்னூல் விளக்கம் இவற்றின் வேறானது. ஊரில் இறங்கிய மறுநாளே சந்தையிலும் சாவடியிலும் பேச வேண்டியவனுக்குக் கொடுந்தமிழ் இலக்கணமே முதலில் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தரங்கம்பாடியில் இருந்த மாற்றுச் சபையாரின் அச்சகத்திலேயே 1738 இல் அந்நூல் அச்சேறியது. பயன் கருதினால் பகைமையும் வழிவிடும் போலும்! பரமார்த்த குரு கதையும் மொழி பயில்வோர் வாசித்துப் பழகுவதற்காகவே எழுதப்பட்டது என்பர். முதல் நாளே தொன்னூலைக் கையில் கொடுத்திருந்தால் எத்தனை குரவர்கள் கப்பலேறித் திரும்பியிருப்பரோ!

அண்மைக் காலத்துச் சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபொழுது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் அரிக்கேன் விளக்கொளியில் கூடி எழுத்துப் பயின்றதையும், கூடவே மிதிவண்டி ஓட்டப் பழகியதையும் நம்மில் மூத்தோர் கண்ணாரக் கண்டோம். அவர்க்கு அளித்த பாடநூல் 'அ, ஆ' எனச் சிறுவர் பள்ளிக்கூட வரிசையில் தொடங்கவில்லை. அவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல்லை எடுத்து, அதனுள்ளிருக்கும் எழுத்துகளைப் பிரித்துக் காட்டிற்று. தம் சொல்லைத் தாமே எழுதிப் பார்த்த மகிழ்ச்சியில் அவர்கள் அடுத்த எழுத்துக்குச் சென்றனர். அவ்வகுப்புகளில் அமர்ந்த பெண்களின் பேத்திமாரே இன்று கணினி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டிக்குக் கிடைத்த அக்கறை பேத்திக்குக் கிடைக்க வேண்டாவா?

கணினித் துறையிலும் அவ்வகை அக்கறையோடு எழுதியவர் உளர். ஈரோட்டில் 1933 இல் பிறந்த வி. இராசாராமன் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963 இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தபொழுது அங்கே ஆசிரியராயிருந்தவர் அவர். அந்நாளில் கணினியை நேரில் கண்ட இந்தியர் மிகச் சிலரே. மாணவர்க்கும், வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்க்கும் போர்ட்ரான் மொழியில் நிரல் எழுதக் கற்பித்து, அந்த வகுப்பனுபவத்திலிருந்து 1969 இல் 'கணினி நிரலாக்கத்தின் கோட்பாடுகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். பின்னும் பல பாடநூல்கள் எழுதினார். வகுப்பில் எந்த இடத்தில் மாணவன் விழிக்கிறான் என்பதைக் கண்ணால் கண்டவர் எழுதிய நூலுக்கும், கண்டறியாதவர் எழுதிய நூலுக்கும் உள்ள வேறுபாடு முதற் பத்துப் பக்கத்திலேயே புலப்படும்.

நிரல் எழுதவே தெரியாத பெற்றோர் அவ்வேறுபாட்டை எங்ஙனம் காண்பது? காணலாம் என்பதே நம் துணிபு. கடையிலேயே புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இரண்டாம் இயலிலிருந்து இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். முதல் இயலைத் தவிருங்கள். அது பெரும்பாலும் கணினியின் வரலாறாயிருக்கும், எல்லார்க்கும் விளங்கும். வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்குகிறதா என்பது முக்கியமன்று. பிள்ளை தடையின்றிச் சொல்கிறதா, அல்லது நாலாம் சொல்லில் நின்று பக்கத்தைத் திறந்து பார்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். கடைக்காரர் முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும்.

பிறகு, பிழை பற்றி அப்புத்தகம் ஏதேனும் சொல்கிறதா என்று தேடுங்கள். இதனை நாம் வலியுறுத்திச் சொல்கின்றோம். பெரும்பாலான நூல்களில் அச்சான நிரல்களெல்லாம் பிழையற்றவை. கற்பவன் எழுதுவதோ பிழையோடுதான் தொடங்கும். சி மொழியில் ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி இட மறந்தால், கணினி பல வேளைகளில் அடுத்த வரியில் பிழை என்று காட்டும். அடுத்த வரியையே உற்று உற்றுப் பார்த்து இரவெல்லாம் விழித்த மாணவர் பலர். 'பிழை என்று வந்தால் முந்திய வரியையும் பார்' என்ற ஒரு வாக்கியம் புத்தகத்தில் இருந்தால் அந்த இரவு மிச்சமாகியிருக்கும். அதே மொழியில் பயனரிடமிருந்து ஓர் எண்ணை வாங்க, மாறியின் பெயருக்கு முன் 'உம்' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுழிக்குறி ஒன்று இட வேண்டும். ஏன் இட வேண்டும் என்பது சுட்டுகளைப் பற்றிய பிந்திய இயலில்தான் விளங்கும். நல்ல தொடக்க நூல், 'இப்போதைக்கு இட்டுவை, காரணம் பின்னர் கூறுவோம்' என்றேனும் சொல்லும். மற்றது ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடும். மாணவன் தனக்குத்தான் விளங்கவில்லை என்று எண்ணிக்கொள்வான். ஆதனக்கோட்டைப் பெண் எண்ணியதும் அதுவே.

புத்தகம் வெளிவந்த ஆண்டையும் மறவாமல் பாருங்கள். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்தைப் பலர் அறிவர். தமிழ் நூல்களின் முதற்பதிப்பைத் தேடி அறிஞர் பெருமக்கள் அங்கே வருகின்றனர். கணினி நூலுக்கோ அம்முறை தலைகீழ். பைத்தான் மொழியின் மூன்றாம் வடிவம் 2008 டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் வடிவத்துக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு நின்றுபோயிற்று. பழைய வடிவில், திரையில் ஒன்றைக் காட்ட 'பிரிண்ட்' என்று எழுதி அடைப்புக்குறியின்றியே தொடரலாம். புதியதில் அடைப்புக்குறி இன்றியமையாதது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த நூலை வைத்துக்கொண்டு பயில்பவனுக்கு, முதற்பக்கத்து முதல் வரியே பிழையென்று வரும்! சி பிளஸ் பிளஸ் நூல்களிலும் இத்தகைய பொறி உண்டு. நிரலின் தலைப்பில் ஐஓஸ்ட்ரீம் என்ற சொல்லின் பின் புள்ளியும் 'எச்' எழுத்தும் அச்சாகியிருந்தால் அது 1998 ஆம் ஆண்டுத் தர வரையறைக்கு முந்திய வழக்கு. இன்றைய கருவிகள் பல அதனை ஏற்பதில்லை. 1980 களின் டர்போ சி கருவியின் நீலத்திரை படங்களாக அச்சிடப்பட்டிருந்தாலும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். சிக்கனம் நம் குடும்பங்களுக்கு அழகுதான். ஆனால் இவ்விடத்தில் அது கைப்பொருளையும் பிள்ளையின் ஊக்கத்தையும் சேர்த்தே இழக்கச் செய்யும்.

வினா விடைக் கையேடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. தேர்வுக்கு முந்திய வாரம் அவை தாமே வீட்டுக்கு வந்துவிடும்.

இனி, தமிழிலா ஆங்கிலத்திலா என்னும் வினா. இதில் நம் வீடுகளில் தேவையற்ற நாணம் ஒன்று நிலவுகிறது. கல்லூரிப் பாடம் ஆங்கிலத்தில் இருக்க, தமிழில் படித்தால் பின்தங்கிவிடுவோம் என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். படிப்படியாக எண்ணும் பழக்கத்தைத் தாய்மொழியில் பெறுவதே விரைவான வழி. குறியீட்டுச் சொற்கள் எப்படியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவை ஐம்பதுக்குள் அடங்கும். தமிழ் நூல்களில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க வேண்டாம். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு கலைச்சொல்! ஒருவர் செயற்கூறு என்பதை மற்றொருவர் சார்பு என்பார். வேறொருவர் நிரல்பாகம் என்பார். ஆகவே பிள்ளை தன் குறிப்பேட்டில் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே எழுதிவைப்பது நலம்.

'எழில்' என்ற பெயரில் முழுவதும் தமிழ்ச் சொற்களால் ஆன ஒரு கணினி மொழியே உண்டு. முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கியது. அவரும் எழுத்தாளர் என். சொக்கனும் சேர்ந்து 2013 இல் 'தமிழில் நிரல் எழுது' என்னும் நூலை வெளியிட்டனர். 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். நிபந்தனையை முதலில் எழுதி அதன்பின் 'ஆனால்' என்று முடிப்பது அம்மொழியின் வழக்கம். தமிழில் நாம் பேசும் முறையும் அதுவன்றோ? வேலைவாய்ப்புக்கு எழில் உதவுமா என்று கேட்டால், உதவாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கோடை விடுமுறையில் அச்சமின்றி விளையாடிப் பார்க்க உதவும். கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் பல தொழில்நுட்ப நூல்களை விலையின்றி மின்னூலாக வழங்கியிருக்கின்றனர் என்பதையும் பெற்றோர் அறிந்து வைத்துக்கொள்ளலாம்.

நாம் இறுதியில் தெரிந்தெடுத்தது இவை எவற்றையும் அன்று. தமிழ்நாடு அரசு 2018 இல் வெளியிட்ட பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி, தமிழ் வழிப் பதிப்பு. பாடநூல் என்றதும் முகம் வாடுகின்றவர் உளர். நாமும் அவ்வாறே ஐயத்தோடுதான் திறந்தோம். அதன் பிற்பகுதி இயல்கள் எந்தக் கணினி மொழியையும் கற்பிக்காமல், ஒரு சிக்கலை எவ்வாறு வரையறுப்பது, எவ்வாறு படிகளாகப் பிரிப்பது, ஒன்றையே மீண்டும் செய்வதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதை மட்டுமே பேசுகின்றன. சி பிளஸ் பிளஸ் இரண்டாம் தொகுதிக்குத்தான் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான். இணையத்தில் விலையின்றியே கிடைப்பவை இவை. கற்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் நூல் அரசுப் பள்ளியிலேயே இருந்திருக்கிறது. வேறு பாடப்பிரிவு எடுத்ததனால் அப்பெண்ணின் கைக்கு வரவில்லை, அவ்வளவே.

இரண்டு கிழமை கழித்து அந்நூலோடு ஆதனக்கோட்டைக்குச் சென்றோம். மாலை நேரம், அடுப்பு அணைந்திருந்தது. அந்த இயல்களில் ஒரு சிக்கல் வருகிறது. உழவன் ஒருவன் ஓநாயோடும் ஆட்டோடும் புல்லுக்கட்டோடும் ஆற்றங்கரைக்கு வருகிறான். படகிலோ அவனோடு ஒன்றுக்கு மட்டுமே இடம். அவனில்லாத வேளையில் ஓநாய் ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். எல்லாவற்றையும் அக்கரை சேர்ப்பது எவ்வாறு? பெண் இதனை உரக்க வாசித்து முடிப்பதற்குள், "இது எங்க அப்பத்தா போடுற விடுகதையாச்சே! அதுல புலி வரும்" என்று அன்னை இடைமறித்தார்.

அவர் வாளாவிருக்கவில்லை. முறத்திலிருந்து ஒரு முந்திரிக் கொட்டையை எடுத்துப் புலி என்றார். உடைத்த பருப்பு ஆடு, வைக்கோல் துணுக்கு புல். திண்ணையில் கரித்துண்டால் ஆற்றை வரைந்தார். முதலில் ஆட்டைக் கொண்டு சென்றார், வெறுங்கையோடு திரும்பினார். புலியைக் கொண்டு சென்று ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். அங்கேதான் எல்லாரும் தடுமாறுவர். கடத்திய ஒன்றை மீண்டும் இக்கரைக்கே கொண்டுவருவதற்கு மனம் ஒப்பாது. பின் புல்லை அக்கரை சேர்த்து, திரும்பி வந்து, ஆட்டை இறுதியாக ஏற்றிச் சென்றார். ஏழு முறை படகு சென்று வந்தது.

பாடநூல் சொல்வதும் இதுவே, வேறொரு வடிவில். நால்வர்க்கும் நான்கு பெயர் கொடு. ஒவ்வொன்றின் எதிரிலும் 'இடது' அல்லது 'வலது' என்று எழுது. அதுவே அவ்வேளையின் நிலை. அந்தப் பெயர்களே மாறிகள். ஒவ்வொரு படகுப் பயணமும் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ மாற்றும் கட்டளை. பெண் குறிப்பேட்டை எடுத்து, இருக்கக்கூடிய நிலைகள் எத்தனை என்று எழுதிப் பார்த்தாள். பதினாறு வந்தது. அவற்றுள் ஏதேனும் ஒன்று தின்னப்பட்டுவிடும் நிலைகளை அடித்துக்கொண்டே போனாள். ஆறு கழிந்து பத்து நின்றது. அன்னையின் ஏழு பயணமும் அந்தப் பத்துக்குள்ளேயே நடந்ததை அவளே கண்டுபிடித்து, "அம்மா, நீ புரோகிராம்தான் போட்டிருக்க" என்றாள். தாய்மாமனும் அங்கிருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.

அவர் முன்பு, 'பொட்டப்பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு' என்று கேட்டதாக அறிந்திருந்தமையால், ஒன்றை அவர் காதிலும் போட்டு வைத்தோம். அமெரிக்க நாட்டில் கணினி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றோருள் ஒருவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியர். பட்டம் பெற்ற 1965 இல் அவருக்கு வயது ஐம்பத்தொன்று! பின்னர் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையை நிறுவி இருபதாண்டுக் காலம் நடத்தினார்.

அப்பெண்ணுக்கு நாம் எழுதிக் கொடுத்த வரிசை இது. பதினோராம் வகுப்பு நூலின் அந்த இயல்கள் முதலில், எழுதுகோலும் தாளும் மட்டும் கொண்டு. அடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் பைத்தான் பகுதி. அக்காளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் துணி மூடிக் கிடந்தது, அது போதும். நிரலைக் கையால் தட்டெழுத வேண்டும். விடையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே உள. விளங்காத பிழைச்செய்தியின் பொருளை அவற்றிடம் கேட்கலாம், நிரலைக் கேட்கலாகாது. அதன்பின் கல்லூரிப் பாடமாகிய சி மொழிக்கு வரலாம். நாகபுரி யஷ்வந்த் கானேட்கர் எழுதிய 'லெட் அஸ் சி' பக்கத்தில் அமர்ந்து பேசுவது போன்ற ஆங்கிலத்தில் அமைந்தது. புதிய பதிப்பாக மட்டும் வாங்குக. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த இ. பாலகுருசாமியின் நூலில் பயிற்சிகள் மிகுதி, தேர்வுக்கும் உதவும். இரண்டில் எது என்பதை முன் சொன்ன கடைச் சோதனையால் அவளே தீர்மானிக்கட்டும். கெர்னிகன், ரிச்சி நூலை விற்றுவிட வேண்டாம் என்றும் சொன்னோம். இரண்டாம் ஆண்டில் அதனைத் திறப்பாளானால், முன்பு சுவராய் நின்றதெல்லாம் கதவாய்த் தோன்றும்.

அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டியாயிற்று. தவக்காலத்தில் மீண்டும் அவ்வழியே சென்றபொழுது பெண் தன் முதல் நிரலை மடிக்கணினியில் நமக்கு இயக்கிக் காட்டினாள். கொட்டை வாங்கிய விலை, உடைத்தெடுத்த பருப்பின் எடை, விற்ற தொகை ஆகிய மூன்றையும் கேட்டு, அன்றைய ஊதியத்தைச் சொல்லும் பன்னிரண்டு வரி நிரல். முந்திய நாள் கணக்கைக் கொடுத்தாள். திரையில் ஒரு தொகை வந்தது. அன்னை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதனைச் சற்று நேரம் பார்த்தார்.

"இவ்வளவு வராதே பாப்பா. வெறகுக் காசக் கழிச்சியா?"

பெண் திரையை நோக்கினாள். விறகுக்கு அவள் மாறி வைக்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு நாலாம் வரிக்குப் போனாள்.